முப்பத்தொரு நிமிடப் பாட்டு

சுகுணா தன் கணவனின் அண்ணனிடம் ஒரே ஒரு பாட்டுத்தான் கேட்டாள். அது எத்தனை நிமிடப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் தமிழ்செல்வன் முந்தின நாள் மதியம் திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, எட்டு மாதம் டயாலிசிஸில் ஓட்டி, கடைசியில் இதயமும் நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று வயது. விராலிமலையில் ஹைவேயை விட்டு இறங்கி ஐந்து கிலோமீட்டர் உள்ளே போனால் அவர்கள் ஊர். சனிக்கிழமை சாயங்காலமே ஆம்புலன்ஸில் கொண்டுவந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

முடிவு செய்தவர் அண்ணன் அடைக்கலம். விராலிமலையில் உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமோ கருமாதியோ, ஊரில் எது நடந்தாலும் பந்தல்காரருக்குப் போன் போடுவது அவர்தான். தம்பி போன சேதி வந்ததிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவன் கிடக்கிறான், இந்த மனுஷன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? நாற்காலி வந்ததா, ஐஸ்பெட்டிக்குக் கரண்டு இருக்கிறதா, மயானத்தில் விறகு அடுக்கியாயிற்றா என்று பார்க்கிறவனுக்கு அழ நேரம் வேண்டாமா?

பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தமிழ்செல்வன் மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் பத்தொன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தான். அங்கே அவனுக்கு மேலதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடி கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்றின் அட்டையில், பாலைவன மணலில் கப்பல் ஓடுகிற மாதிரிப் படம். அதற்கு ஆங்கிலத்தில் என்னவோ நீளமான பேர். வீட்டில் அதன் பேர் கப்பல் ஆல்பம்.

ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நாலு ராக் கோஷ்டிகள். நாலும் உடைந்த பிறகு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெரிய கை கிளம்பி வந்து, நாலு பேரும் சேர்ந்து போட்ட ஆல்பம் அது. இந்த மாதிரிக் கூட்டணிக்கு சூப்பர்குரூப் என்று பேர், இந்த மாதிரிப் பாட்டுக்கு புராக்ரசிவ் ராக் என்று பேர் என்றெல்லாம் தமிழ்செல்வன் விளக்குவான். நாலு பேரும் அவரவர் வாத்தியத்தில் ராஜா. நாலு ராஜாக்களை ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? எழுபத்து நாலு நிமிடத்துக்கு மொத்தமே நாலு பாட்டு. கடைசிப் பாட்டு மட்டும் முப்பத்தொரு நிமிடம்.

அந்தக் கடைசிப் பாட்டில்தான் அவன் விழுந்து கிடந்தான். கேம்ப் அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில், மேல் கட்டிலில் படுத்தபடி முதல் தடவை கேட்டானாம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் பாதியில் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். "சொல்லத் தெரியல சுகுணா. வேலைய விட்டு, ரூம விட்டு, என்னைய விட்டே வெளிய போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு" என்பான்.

பாட்டு நன்றாகத்தான் இருக்கும். அதைச் சுகுணாவே ஒப்புக்கொள்வாள். எட்டு நிமிடம் வரைக்கும். தொடக்கத்தில் ஆர்கன் மாதிரி ஒரு வாசிப்பு மெதுவாக எழும். தூரத்திலிருந்து கிடார் வந்து சேரும். ஒருத்தன் பாடுவான், நல்ல குரல். ஒன்பதாவது நிமிடத்தில் கீபோர்டுக்காரன் தனியாகக் கிளம்புவான். கிளம்பினால் திரும்பி வர மாட்டான். அவன் ஒருவழியாக ஓய்ந்தால், நான் மட்டும் இளைத்தவனா என்று டிரம்ஸ்காரன் ஆரம்பிப்பான். கேட்கிறவனின் பொறுமையைப் பற்றி அந்த நாலு பேரில் ஒருத்தனுக்கும் கவலை கிடையாது.

"என்னங்க இது, நாலு சம்பந்தியும் ஒரே பந்தியில ஒக்காந்த மாதிரி இருக்கு. ஒருத்தரும் எலைய மூட மாட்டேங்கிறாக" என்றாள் ஒருதரம்.

தமிழ்செல்வன் சிரித்துவிட்டான். "இதுல பாதி வீணுதான். எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பாதிய வெட்டிப்புட்டா, கடேசி மூணு நிமிசம் இருக்கு பாரு, அது வராது. வரும், அது மாதிரி வராது. ஒரு தடவ பொறுத்து ஒக்காந்து முழுசாக் கேளு."

அவள் உட்காரவில்லை. ஒன்பதாவது நிமிடம் வந்ததும் அவளுக்கு எப்படியோ அடுப்படியில் ஒரு வேலை முளைத்துவிடும். உலை கொதிக்கும், பால்காரர் வருவார், போன் அடிக்கும். மகள் அருணா இன்னும் மோசம், கப்பல் என்ற பேச்சை எடுத்தாலே வெளியே ஓடிவிடுவாள். மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்த முதல் இரண்டு வருஷத்தில் ஒரு இருபது தடவையாவது அவன் கூப்பிட்டிருப்பான். பிறகு ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டான். கூப்பிடுவதை விட்டுவிட்டான். அப்போது அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது நெஞ்சு அறுந்தது.

போன மாதம் டயாலிசிஸ் முடிந்து படுத்திருக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னையத் தூக்குற அன்னைக்கி அந்தக் கடேசிப் பாட்டப் போடச் சொல்லு சுகுணா. முழுசா. நடுவுல நிறுத்தக் கூடாது."

"என்ன பேச்சு பேசுறீங்க" என்று அதட்டினாள். அவன் கையை விடவில்லை. சரி என்று சொன்ன பிறகுதான் விட்டான். ஆஸ்பத்திரி, மாத்திரை, கஞ்சி என்று எட்டு மாதம் அவள் எவ்வளவோ செய்திருக்கிறாள். ஆனால் அவன் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதையும் செய்யாமல் அனுப்பிவிட்டால் மிச்ச நாள் முழுக்க அந்த வீட்டில் அவளால் நிம்மதியாக ஒரு வாய்ச் சோறு தின்ன முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கு நீர்மாலை, வாய்க்கரிசி எல்லாம் முடிந்து பாடை வாசலில் தயாராக இருந்தது. சுகுணா எழுந்து நேராக அடைக்கலத்திடம் போனாள். ஊரே பார்த்தது.

"மாமா, எடுக்கும்போது அவுக பாட்டு ஒண்ணு போடணும்."

"என்ன பாட்டு ஆத்தா?"

"அவுக கேப்பாகள்ல, இங்கிலீசு பாட்டு."

"சாவு வீட்டுலயா?" அடைக்கலம் குரலைத் தாழ்த்தினார். "ஊரு சிரிக்கவா? வேணாம் ஆத்தா. பெறகு காரியத்தன்னிக்கி வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டுக்கலாம்."

"என் கையப் புடிச்சுக் கேட்டாக மாமா. தூக்குறப்ப போடணும்னு கேட்டாக. ஒரே ஒரு பாட்டு."

அடைக்கலம் பாடையைத் திரும்பிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஒரு பாட்டு என்றால் ஐந்து நிமிடம் என்பது அவர் கணக்கு. அறுபது வயது வரை அவர் கேட்ட பாட்டெல்லாம் அப்படித்தான். செய்வது என்று ஆனபின் அரைகுறையாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"இந்தா, எல்லாரும் கேட்டுக்கங்க. தம்பி ஆசைப்பட்ட பாட்டு ஒண்ணு ஓடப்போகுது. அது முழுசா முடியட்டும். முடியிற வரைக்கும் பாடை இந்த வாசல விட்டு நகரக் கூடாது. முடிஞ்ச நிமிசம் தூக்கிறணும். நான் சொல்லிட்டேன்."

சவுண்டு செட்டு எழிலரசன் காலையிலிருந்து போட்டுக்கொண்டிருந்த உருக்கப் பாட்டுகளை நிறுத்தினான். அருணா அந்த ஒரு பாட்டை மட்டும் ஏற்றிவைத்திருந்த பென்டிரைவை வாங்கிச் செருகினான். மணி மூன்று நாற்பத்தெட்டு.

ஆர்கன் எழுந்தது. கூட்டம் பேச்சை நிறுத்தியது. "ஆவூர் மாதா கோயில்ல பூசைக்கு வாசிப்பாகள்ல, அது மாதிரியில்ல இருக்கு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்காயி. கிடார் வந்தது. அந்தக் குரல் வந்தது. என்ன பாடுகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் துக்கம் விசாரிக்கிற குரல் எந்தப் பாஷையில் இருந்தாலும் தெரியாமல் போகுமா? இரண்டு மூன்று பேர் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். அடைக்கலம்கூடத் தலையை ஆட்டினார். பரவாயில்லை, மானம் போகவில்லை என்கிற மாதிரி.

ஐந்து நிமிடம் ஆனது. எட்டு ஆனது. கீபோர்டுக்காரன் கிளம்பிவிட்டான்.

சுகுணா கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்படிக்குப் போக முடியாத இடத்தில் முதல்முறையாக மாட்டிக்கொண்டாள். கூம்பு ஸ்பீக்கரில் அந்த வாசிப்பு கூரைக்குக் கூரை தாவியது. நாய்கள் குரைத்தன. கூட்டத்தில் முதலில் இருமல், பிறகு முணுமுணுப்பு, பிறகு ஒரு சிரிப்பு. அடைக்கலம் சிரித்தவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து பந்தலுக்கு வெளியே போய்விட்டான். அடைக்கலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். எழிலரசனிடம் சைகையில் கேட்டார். அவன் ஆம்ப்ளிஃபயரைக் காட்டிக் கையை விரித்தான். அதில் பாட்டு நம்பர் ஒன்று என்று மட்டும் எரிந்தது.

அடுத்து டிரம்ஸ்காரன். பந்தலின் ஓரத்தில் பறையோடு காத்திருந்த கொட்டுக்காரர் செல்லமுத்து இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடையில் விரலால் தாளம் எண்ணினார். பக்கத்திலிருந்தவனிடம், "ஏழுக்குப் போறான்யா. இப்பப் பாரு, பதினொண்ணு" என்றார். நாலு நிமிடம் கேட்டார். கடைசியில், "நல்ல கை. நிறுத்தத்தான் தெரியல" என்று பெருமூச்சு விட்டார். அந்த ஆல்பத்தைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு எல்லாம் நின்றது. டிரம்ஸ், கீபோர்டு, கிடார், எல்லாமே. ஸ்பீக்கரில் இரைச்சல்கூட இல்லை. வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது.

அடைக்கலம் சுகுணாவைப் பார்த்தார். "முடிஞ்சுதா ஆத்தா?"

அவளுக்கு என்ன தெரியும்? அரைமணி நேரப் பாட்டு. அரைமணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு பேர் முன்னால், அவன் பெண்டாட்டியிடம், அவன் பாட்டு முடிந்துவிட்டதா என்று கேட்டால் தெரியாது என்றா சொல்வாள்? தலையை ஆட்டினாள். "முடிஞ்சிருச்சு மாமா."

சங்கு ஊதினார்கள். பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். அடைக்கலத்தின் மகன் கொள்ளிச்சட்டியை எடுத்தான். ஆறு பேர் குனிந்து பாடையைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். முன்பக்கம் வலது மூலையில் அடைக்கலம். செல்லமுத்து பறையில் குச்சியை வைக்கப் போன நேரத்தில், ஸ்பீக்கர் வெடித்த மாதிரி நாலு வாத்தியமும் ஒன்றாகக் கிளம்பின.

ஒரு கிழவி அலறியே விட்டாள். எழிலரசன் பதறி ஆம்ப்ளிஃபயர் மேல் பாய்ந்தான்.

"நிறுத்தாத!" என்று கத்தினாள் சுகுணா. அவள் குரல்தான் அது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. "நிறுத்தாதப்பா. முடியல. அது இன்னும் முடியல."

எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள், புருஷன் உயிராக நினைத்த பாட்டு எங்கே முடியும் என்று தெரியாதவள். ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு.

"பாட்டு கெடக்கு, நடங்கப்பா" என்றார் ஒரு பெரியவர்.

"எறக்கி வச்சுட்டுக் கேளுங்க. என்ன இப்ப?" என்றது இன்னொரு குரல்.

அடைக்கலம் அசையவில்லை. "தூக்குனத வாசல்ல திரும்ப எறக்கக் கூடாது" என்றார். ஒரு நிமிடம் மூச்சு வாங்கினார். "பாட்டு முடியாம வாசல விட்டு நகரவும் கூடாது. ஊருக்கு முன்னால சொல்லிட்டேன். நில்லுங்கடா."

நின்றார்கள். நாலு மணி ஏழு நிமிட வெயிலில், தமிழ்செல்வனைத் தோளில் வைத்துக்கொண்டு ஆறு பேரும் வாசலிலேயே நின்றார்கள். கொள்ளிச்சட்டி வைத்திருந்தவன் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கிடார்க்காரன் இறங்கினான். அவன் பங்குக்கு அவனும் விடுவதாயில்லை. ஏறினான், இறங்கினான், வாசித்ததையே திருப்பி வாசித்தான். பாடையின் மாலைகளிலிருந்து சாமந்தி உதிர்ந்து அடைக்கலத்தின் கழுத்தில் விழுந்தது. பின்னால் நின்ற ஒருவன் தோள் மாற்றிக்கொண்டான். இன்னொருவனுக்குப் பதில் வேறொருவன் வந்து நின்றான். அடைக்கலத்தின் மூலைக்கு வந்து தோள் கொடுக்கப் போனவனை அவர் தலையசைத்து அனுப்பிவிட்டார்.

இரண்டு நாளாக அவருக்கு எப்போதும் ஒரு வேலை இருந்தது. இப்போது இல்லை. போன் எடுக்கக் கையில்லை, ஓட வழியில்லை. தம்பி காதுக்குப் பக்கத்தில் கிடந்தான், அவன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நிற்பதைத் தவிர அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. முதலில் அவர் தாடை நடுங்கியதைச் சுகுணா பார்த்தாள். பிறகு கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் கையில்லாமல், வாயைத் திறந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். கூட்டம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி மூன்று நிமிடம் வந்தது. வருகிறது என்று சுகுணாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிடார் இறங்கி இறங்கி ஒற்றை நரம்பில் வந்து நின்றது. ஆரம்பத்தில் பாடினவன் மறுபடி பாடினான், அதே மெட்டு, ஆனால் இப்போது அவசரமே இல்லாமல். கீபோர்டுக்காரன் அவனுக்கு அடியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். டிரம்ஸ்காரன் தட்டுகிறானா இல்லையா என்றே தெரியவில்லை. அரைமணி நேரம் ஒருத்தரையொருத்தர் முந்தப் பார்த்த நாலு பேரும் களைத்துப்போய், ஒருவருக்கொருவர் இடம் விட்டார்கள். அவ்வளவுதான். அதற்காகத்தான் அத்தனை அமர்க்களமும்.

இதற்குத்தான் அவளைக் கூப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சேர்ந்து கேட்க வேண்டும் என்றுதான் இருபது தடவை கூப்பிட்டான். அவன் மஸ்கட்டில் இருந்த பத்தொன்பது வருஷம் போக மிஞ்சினதே கொஞ்சம். அதில் ஒரு முப்பத்தொரு நிமிடம் அவளிடம் இல்லாமல் போய்விட்டது. உலையை இறக்கி வைத்திருக்கலாம். போன் அடித்தால் அடித்துவிட்டுப் போகிறது என்று இருந்திருக்கலாம். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவில்லை. சத்தம் போட்டால் பாட்டு கேட்காது என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

கடைசிச் சுரம் நீண்டு, மெலிந்து, எங்கே தீர்ந்தது என்று தெரியாமல் தீர்ந்தது.

சங்கு ஊதுகிறவர் சங்கைக் கையிலேயே வைத்திருந்தார். செல்லமுத்து குச்சியைத் தொடவில்லை. எழிலரசன் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். அடைக்கலம் பாடைக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பினார்.

"ஆத்தா, முடிஞ்சுதா?"

முடிந்துவிட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தடவை ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷர் கால் ஒடிகிற வரைக்கும் நிற்பார். ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் தமிழ்செல்வன் அவன் வீட்டு வாசலிலேயே இருப்பான்.

"முடிஞ்சிருச்சு மாமா" என்றாள்.

ஒருவரும் நகரவில்லை. ஒருமுறை அவள் பேச்சை நம்பி ஏமாந்தவர்கள். அடைக்கலம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எழுந்து நின்று, கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"முடிஞ்சிருச்சு. கூட்டிக்கிட்டுப் போங்க."